பெட்ரோலை எங்கே தெளிப்பது?

நேயர்களுக்கு வணக்கம். விடியற்காலையில் சோக்கை இழுத்துவிட்டு நாலு உதை உதைத்தால்தான் வண்டி கிளம்பும் என்றிருந்த காலம் உங்களுக்கு நினைவிருக்கும். 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 என்ற புகைக்கட்டுப்பாட்டு விதி வந்ததும், பெரும்பாலான வண்டிகளில் காற்றோடு பெட்ரோலைக் கலந்து தரும் கார்புரேட்டர் போய், பெட்ரோலை அளந்து தெளிக்கும் இன்ஜெக்டர் வந்தது, சோக்கும் போனது.

ஒரே ஒரு எண்ணை மனதில் வையுங்கள்: 14.7. ஒரு கிராம் பெட்ரோல் முழுதாக எரிய 14.7 கிராம் காற்று வேண்டும். காற்று குறைந்தால் கார்பன் மோனாக்சைடும் எரியாத பெட்ரோலும் வெளியேறும். கூடினால் நைட்ரஜன் ஆக்சைடு தங்கிவிடும். புகையின் நச்சை முறிக்கும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டர் இந்த மூன்றையும் சேர்த்து மாற்ற, கலவை அந்த 14.7-ஐ ஒட்டியே நிற்க வேண்டும்.

சாதாரண கார்புரேட்டரால் இது முடியாது. அதில் பெட்ரோல் வரும் ஜெட் துளை மாறாதது. கொடைக்கானல் உயரத்தில் காற்று ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு மெலிந்திருக்கும். துளை அதேதான், ஆகவே பெட்ரோல் மிஞ்சும், பிளக் கரி பிடிக்கும், வண்டி இழுக்காது.

இன்ஜெக்டர் வண்டியில் புகைக்குழாயில் செருகிய ஆக்சிஜன் சென்சார், புகையில் எவ்வளவு ஆக்சிஜன் மிஞ்சியிருக்கிறது என்று உளவு சொல்லும். வண்டியின் குட்டிக் கணினியான இசியு அதைக் கேட்டு இன்ஜெக்டர் திறக்கும் நேரத்தைக் கூட்டும், குறைக்கும். எல்லாம் மில்லிசெகண்டுக் கணக்கு. இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். இன்ஜெக்டரைக் கழுவியும் மைலேஜ் ஏறவில்லை என்று பலர் அலைகிறார்கள். சென்சாருக்கு முன்னால் புகைக்குழாய் இணைப்பை அடைக்கும் கேஸ்கட் லேசாகக் கசிந்தாலே போதும், வெளிக்காற்று உள்ளே போய்விடும். சென்சார் "பெட்ரோல் போதவில்லை" என்று சொல்ல, இசியு நம்பி அள்ளி ஊற்றும். முதலில் கேஸ்கட்டைப் பாருங்கள். திரும்பவும் சொல்கிறேன், கேஸ்கட்டை.

இனி கார்கள். வழக்கமான முறையில், சிலிண்டருக்குள் காற்றை விடும் இன்டேக் வால்வுக்கு வெளியே, மூன்று நான்கு பார் அழுத்தத்தில் தெளிப்பார்கள். நேரடி முறையில் சிலிண்டருக்குள்ளேயே, 200 பார் அளவில். உள்ளே ஆவியாகும் பெட்ரோல் காற்றைக் குளிர்விப்பதால் நாக்கிங், அதாவது கலவை தானாக வெடித்துத் தட்டுவது, அடங்கும்; கம்ப்ரஷனை, அதாவது கலவையை அழுத்தும் அளவை, உயர்த்தலாம், அதே அளவு என்ஜினில் கூடுதல் இழுவை கிடைக்கும். ஆனால் கலக்க நேரம் போதாது. பிஸ்டன் தலையில் பட்ட பெட்ரோல் புகைந்து நுண்கரியாகும். வால்வின் முதுகைப் பெட்ரோல் கழுவாததால் அங்கே கரி படியும். டேங்கில் ஊற்றும் கிளீனர் அதைத் தொடவே தொடாது. டொயோட்டாவின் டி-4எஸ் போன்றவை இரு வகை இன்ஜெக்டரையும் வைத்திருப்பது இதற்கும் உதவுகிறது.

கடிகாரம் நெருக்குகிறது. எத்தனாலைப் பற்றிப் பேச நேரமில்லை. ஒன்று மட்டும்: டேங்குக்குள் இருக்கும் பம்ப்பைக் குளிர்விப்பது பெட்ரோல்தான். எப்போதும் ரிசர்வில் ஓட்டாதீர்கள், பம்ப் சூடேறிச் சீக்கிரம் போய்விடும். வணக்கம்.