பழைய விளையாட்டின் நினைவு கதைக்குப் பலமே

நடுவர் அவர்களே, அவையோரே, எதிரணி நண்பர்களே, அனைவருக்கும் வணக்கம்.

மெய்நிகர் விளையாட்டுலகை வைத்து எழுதப்படும் அறிபுனைக் கதைகளுக்குப் பழைய வீடியோ கேம்களின் நினைவு பலமா, பாரமா என்பது இன்றைய வழக்கு. பாரமே என்று வாதிட்ட எதிரணித் தலைவர், எதிர்காலத்தைப் பேச வேண்டிய இலக்கியம் 1980களின் பெயர்ப் பட்டியலை ஒப்பித்துக்கொண்டிருக்கிறது என்று குறைபட்டுக்கொண்டார். பெயர்களை வெறுமனே உதிர்த்துவிட்டு நகரும் பக்கங்கள் இவ்வகை நாவல்களில் உண்டு. அவற்றுக்காக நான் வாதாடப் போவதில்லை. ஆனால் அவர் எதிர்காலம் என்று கொண்டாடுகிற, மெய்நிகர் உலகைக் கண்முன் காட்டும் தலைக்கருவியின் வயது அவருக்குத் தெரியுமா? கண்ணாடியை மாட்டிக்கொண்டு காட்சி, ஒலி, சுவை, மணம் அனைத்தோடும் ஒரு கதைக்குள் நுழைவதை ஸ்டான்லி வெயின்பாம் 1935லேயே சிறுகதையாக எழுதிவிட்டார். தலையைத் திருப்பினால் கோட்டுருவமும் அதற்கேற்ப மாறும் கருவியை ஐவன் சதர்லேண்ட் 1968இல் செய்து காட்டிவிட்டார். பழையதை விலக்க வேண்டுமென்றால் முதலில் அந்தக் கருவியைத்தான் கழற்ற வேண்டியிருக்கும்.

எதையும் நினைத்தபடி வரைந்துகொள்ளக்கூடிய உலகில், நாயகன் சிக்கிக்கொண்டால் ஆசிரியர் புதிதாக ஒரு மந்திரத்தைப் படைத்து அவனை மீட்டுவிடலாம். அங்கே வாசகருக்குப் பதற்றம் ஏது? பழைய விளையாட்டு ஒன்று உள்ளே வந்தவுடன் ஆசிரியரின் கை கட்டப்பட்டுவிடுகிறது. 1980இல் வந்த பேக்-மேன் என்ற வீடியோ கேமை எடுத்துக்கொள்வோம். ஆட்டம் எத்தனையாவது கட்டத்தில் இருக்கிறது என்ற எண்ணை, 255 வரை மட்டுமே எண்ணக்கூடிய ஒரே பைட்டில் வைத்திருந்ததால், 256ஆம் கட்டத்தில் கணக்குப் பிசகித் திரையின் வலப்பாதி முழுவதும் குப்பையாகிவிடும். அதற்கு மேல் ஆட்டமில்லை, ஆகவே எட்டக்கூடிய உச்சம் 33,33,360 புள்ளிகள்தான். எர்னஸ்ட் கிளைன் 2011இல் எழுதிய ‘ரெடி பிளேயர் ஒன்’ நாவலில், 2045இல் வாழும் நாயகன் அந்த உச்சத்தைத் தொட ஆடும்போது, ஆசிரியரே ஆசைப்பட்டாலும் ஒரு புள்ளியைக் கூடக் கூட்டித் தர முடியாது.

அந்த நாவலில், மெய்நிகர் உலகுக்குள் ஒளித்து வைக்கப்பட்ட பரிசைத் தேடி நடக்கும் புதையல் வேட்டையும் கற்பனையில் மட்டும் முளைத்ததன்று. விளையாட்டை உருவாக்கியவரின் பெயரை அட்டாரி நிறுவனம் வெளியிடாத காலத்தில், ‘அட்வெஞ்சர்’ என்ற விளையாட்டைத் தனியொருவராக எழுதிய வாரன் ராபினெட், 4 கிலோபைட்டுக்குள் அடங்க வேண்டிய நிரலில் தம் பெயருக்கும் யாருக்கும் தெரியாமல் இடம் ஒதுக்கினார். கருப்புக் கோட்டையின் புதிர்வழிக்குள் பின்புலத்தின் சாம்பல் நிறத்திலேயே ஒற்றைப் புள்ளி ஒன்று கிடக்கும். கண்ணுக்குத் தெரியாத அந்தப் புள்ளியைத் தடவிக் கண்டுபிடித்து, வேறு பொருள்களோடு குறிப்பிட்ட ஓர் அறைக்குச் சுமந்து சென்றால், தடுத்து நிற்கும் சுவரைக் கடந்து, அவர் பெயர் மின்னும் அறைக்குள் நுழையலாம். (சம்பளம் கொடுத்தவர்களுக்கே தெரியாமல் போட்ட கையெழுத்து அது!) அந்த நாவலின் வேட்டையில் கடக்க வேண்டிய கடைசி வாயிலில் நாயகன் தேட வேண்டியிருப்பதும் இதே புள்ளியைத்தான். பாரத்தை இறக்கி வைக்கச் சொல்லும் எதிரணியினர், இந்தப் புள்ளியை எடுத்துவிட்டால் அந்த வேட்டையில் மிஞ்சுவது என்ன என்பதை, அடுத்துப் பேச வரும் தங்கள் அணியினரைக் கொண்டாவது நடுவருக்கு விளக்கட்டும்.