ஒன்றரை அடி நூல் போதும், நடுவர் அவர்களே!

நடுவர் அவர்களுக்கும் அவையில் இருப்பவர்களுக்கும் வணக்கம். "கை எம்பிராய்டரி: மனசுக்கு ஓய்வா, கண்ணுக்கும் கழுத்துக்கும் இன்னொரு வேலையா?" என்ற இன்றைய தலைப்பில், ஓய்வே என்று பேச வந்திருக்கிறேன். எங்கள் அணியில் நான் ஒருவன்தான் ஆண். மேடை ஏறும்போதே எதிரணியில் யாரோ சிரித்தது காதில் விழுந்தது. சிரிக்கட்டும், அதற்கும் பதில் வைத்திருக்கிறேன்.

எனக்கு முன்னால் பேசிய எதிரணிச் சகோதரி மூன்று அம்பு விட்டார். மெஷின் பத்து நிமிஷத்தில் போடுவதை ஏன் பத்து நாள் உட்கார்ந்து போட வேண்டும்? கழுத்து வலிக்கிறதே, கண் எரிகிறதே? பாதியில் நின்ற துணியெல்லாம் அலமாரியில் கிடந்து உறுத்துகிறதே? இப்படிக் கேட்டுவிட்டு, "மொத்தத்தில் வெட்டி வேலை" என்று முடித்தார். கைதட்டலும் வாங்கினார். அவர் பேசிய பத்து நிமிஷமும் என் கை சும்மா இல்லை, நடுவர் அவர்களே. அதைக் கடைசியில் காட்டுகிறேன்.

முதலில் மெஷின். பிரான்சில் ஹைல்மன் என்பவர் எம்பிராய்டரி இயந்திரம் கண்டுபிடித்தது 1828இல். கிட்டத்தட்ட இருநூறு வருஷமாக மெஷின் இருக்கிறது, ஊசி ஒழிந்ததா? சகோதரி தினமும் காலையில் நடக்கப் போகிறவர். அவர் பக்கத்தில் போய் பைக்கை நிறுத்தி, "ஏறுங்க அக்கா, பூங்காவை ரெண்டு நிமிஷத்தில் சுற்றிவிடலாம்" என்று சொன்னால் ஏறுவாரா? அவருக்கு வேண்டியது நடை. எனக்கு வேண்டியது தைப்பது. பூ வேண்டுமென்றால் பூப்போட்ட துணியாகவே வாங்கிக்கொள்வேனே!

அந்தத் தைப்பதில் அப்படி என்ன ஓய்வு என்று கேட்பீர்கள். ஒரு நூலைப் பிரிப்பதை மட்டும் சொல்கிறேன். எம்பிராய்டரி நூல் ஒன்று என்று நினைப்போம். அதில் ஆறு இழை இருக்கிறது. மெல்லிய கோட்டுக்கு இரண்டு இழை போதும். அவசரமாக இரண்டையும் சேர்த்து இழுத்தால் மிச்ச நான்கும் சிக்கிக்கொண்டு முடிச்சு விழும். நுனியில் ஒரே ஒரு இழையைப் பிடித்து நேராக மேலே இழுக்க வேண்டும். மற்ற ஐந்தும் கீழே கம்பளிப்பூச்சி மாதிரி சுருண்டு குவியும். அய்யோ, போச்சு என்று தோன்றும். அந்த ஒன்று வெளியே வந்ததும், மிச்சத்தை லேசாக நீவினால் ஒன்றுமே நடக்காதது போல நேராகிவிடும். அலுவலகத்தில் வாங்கிய திட்டோடு வந்து உட்கார்ந்த எத்தனையோ மாலைகளில் நான் இரண்டை இழுத்துச் சிக்கலாக்கியிருக்கிறேன். கோபக்காரக் கைக்கு நூல் வராது. அதோடு சண்டை போட்டும் பயனில்லை. அதற்குக் காது இல்லை.

அப்புறம் பிரெஞ்ச் நாட். பூவின் நடுவில் கடுகு மாதிரி உட்காரும் குட்டி முடிச்சு. ஊசியைக் கீழிருந்து மேலே எடுத்து, நூலை ஊசி மேல் இரண்டு சுற்று சுற்றி, பழைய ஓட்டைக்குப் பக்கத்தில், அதே ஓட்டையில் இல்லை, பக்கத்தில் ஒரு இழை தள்ளி ஊசியை இறக்க வேண்டும். இறங்கும் வரை இடது கை நூலை விறைப்பாகப் பிடித்திருக்க வேண்டும். என்னுடைய முதல் பத்து முடிச்சும் துணிக்குப் பின்பக்கம் போய் ஒளிந்துகொண்டன. நடுவர் அவர்களே, இரண்டு கையும் இப்படி மாட்டிக்கொண்டிருக்கும்போது வீட்டுக்கடன் தவணையை யாரால் நினைக்க முடியும்? முயற்சி செய்து பார்த்திருக்கிறேன். முடிச்சு போய்விட்டது.

கழுத்து வலி பற்றிச் சொன்னார். உண்மை, மறுக்கவில்லை. மடியில் தலையணை வைத்து அதன் மேல், துணியை விறைப்பாக மாட்டியிருக்கும் வளையத்தை உயர்த்திப் பிடித்தால் குனிய வேண்டாம். வலக்கைக்காரர்கள் இடப்பக்கத்திலிருந்து வெளிச்சம் வரும்படி உட்கார்ந்தால் கை நிழல் துணியில் விழாது. இது கைமருந்து. பெரிய மருந்து நூலிலேயே இருக்கிறது. நூலை முழங்கை அளவுக்கு, அதாவது ஒன்றரை அடிக்குத்தான் வெட்டிக்கொள்ள வேண்டும். அதற்கு மேல் போனால் துணியில் உரசி உரசியே பஞ்சாகும். ஆக, கொஞ்ச நேரத்துக்கு ஒரு தரம் நூல் தானாகத் தீர்ந்துபோகும். பின்பக்கம் முடித்துக் கத்தரிக்க வேண்டும், தலை நிமிர வேண்டும், ஜன்னலைப் பார்க்க வேண்டும். இப்போது சகோதரி கையில் இருக்கும் போனை எடுத்துக்கொள்ளுங்கள். இரவு பதினொன்றுக்கு விரலால் தள்ள ஆரம்பித்தால் அது எங்கே தீரும்? "போதும், நிமிர்ந்து பார்" என்று அது எப்போதாவது சொல்லியிருக்கிறதா? கழுத்து வலிக்கு அதன் மேல் யாரும் வழக்குப் போடவில்லை. பாவம், ஊசி மாட்டிக்கொண்டது.

சரி, சிரித்தவருக்கு வருகிறேன். அலெக்சிஸ் காஸ்டாக்லி என்று ஒரு பிரிட்டிஷ் மேஜர். இரண்டாம் உலகப் போரில் கிரீட் தீவில் பிடிபட்டு ஜெர்மன் சிறைமுகாமில் கிடந்தார். 1941 டிசம்பரில், பழைய கம்பளிச் சட்டையிலிருந்து உருவிய நூலில் கிராஸ் ஸ்டிச், அதாவது பெருக்கல் குறி மாதிரித் தையல் போட்டு, தன் பெயரும் தேதியுமாக ஒரு துணி தைத்தார். காவலர்களுக்கு அது பிடித்துப்போய் முகாமில் காட்சிக்கே வைத்துவிட்டார்கள். ஓரத்தில் அழகாக ஓடிய புள்ளியும் கோடும், தந்தியில் எழுத்துகளுக்குப் பதிலாக அனுப்பும் மோர்ஸ் குறியீடு என்று ஒருவருக்கும் தெரியவில்லை. ஒரு வரிசையில் தன் மன்னருக்கு வாழ்த்து. இன்னொன்றில் ஹிட்லருக்கு, இந்த மேடையில் சொல்லக் கூடாத ஒரு வசவு! என் உயிரைக் காப்பாற்றியது செஞ்சிலுவைச் சங்கம், புத்தி பேதலிக்காமல் காப்பாற்றியது எம்பிராய்டரி என்று அவர் பின்னாளில் சொல்வாராம். அவருடைய மகன் சொல்லியிருக்கிறார். முதல் உலகப் போரிலும் காயம்பட்ட சிப்பாய்களுக்கு மருத்துவமனைகளில் ஊசியைக் கொடுத்தார்கள். லண்டன் செயின்ட் பால் தேவாலயத்தின் பீடத்துக்கு ஒரு துணி, அப்படிப்பட்ட 130க்கும் மேற்பட்டவர்கள் தைத்தது. மீசை வைத்த கைகளுக்கு இது ஆகாது என்று இனி யாரும் சொல்ல வேண்டாம்.

பாதியில் நின்ற துணிகள் என்னிடமும் நான்கு இருக்கின்றன. இருக்கட்டுமே! யார் காத்திருக்கிறார்கள்? ஒரே ஒரு இடத்தில் எதிரணி சொல்வது சரி, ஒப்புக்கொள்கிறேன். ஒரு முறை தெரிந்தவர் வீட்டுக் குழந்தையின் பெயரைத் தைத்துத் தருகிறேன் என்று தேதி சொல்லிவிட்டேன். அந்த ஒரு வாரம் அசல் வேலை. தூக்கம் போனது, பெயரில் ஒரு எழுத்தும் கோணலானது. அதற்குப் பிறகு யாருக்கும் தேதி சொல்வதில்லை.

மணி அடித்துவிட்டது. இதோ, நான் காட்டுகிறேன் என்று சொன்ன துணி. ஐந்து இதழ் பூ, சகோதரி பேசும்போது மேசைக்கு அடியில் போட்டது. நான்கு இதழ் ஒழுங்காக இருக்கிறது. ஐந்தாவது மட்டும் துணியைச் சுருக்கிப் பிடித்திருக்கிறது, பாருங்கள். "வெட்டி வேலை" என்று அவர் சொன்னபோது நூலை வெடுக்கென்று இழுத்துவிட்டேன் போலிருக்கிறது. வீட்டுக்குப் போய்ப் பிரித்துவிட்டு மறுபடி போட வேண்டும். நன்றி, வணக்கம்.