ஒரு தண்ணீர்

நேயர்களுக்கு வணக்கம்.

ராமநாதபுரம் பக்கம் தை மாதத்தில் எந்த ஊருக்குப் போனாலும் ஒரு பேச்சு காதில் விழும்: "இன்னும் ஒரு தண்ணி கெடச்சிருந்தா வெளஞ்சிருக்கும்." ஆவணியில் புழுதியில் விதைத்த நெல், ஐப்பசி கார்த்திகை மழையில் நன்றாகவே எழும்பும். மார்கழியில் கதிர் பால் பிடிக்கிற நேரம் பார்த்து மழை நின்றுவிடும். நெல் பதராகிறது. உரக்கடைப் பாக்கி நிற்கிறது, அடகு வைத்த நகை திரும்புவதில்லை, வீட்டுப் பையன் திருப்பூருக்குப் பஸ் ஏறுகிறான்.

ஏழை விவசாயிக்கு என்ன செய்யலாம் என்று கேட்பவர்களிடம், முதலில் அந்த ஒரு தண்ணீருக்கு வழி செய்யுங்கள் என்றுதான் நான் சொல்வேன்.

ஒரு தண்ணீர் என்றால் ஒரு முறை பாய்ச்சுவது. ஒரு ஏக்கரில் 2 அங்குலம் தண்ணீர் நிறுத்த சுமார் 2 லட்சம் லிட்டர் வேண்டும். நீள அகலம் 30 மீட்டர், ஆழம் 2 மீட்டர் என்று பண்ணைக்குட்டை வெட்டினால், கரைச் சரிவைக் கழித்தாலும் 12 லட்சம் லிட்டர் பிடிக்கும். வெயிலும் மண்ணும் பாதியைக் குடித்தாலும் மூன்று ஏக்கருக்கு ஒரு தண்ணீர் மிஞ்சும். சரி, ஆனால் குட்டைக்கே கிட்டத்தட்ட கால் ஏக்கர் போய்விடும். மொத்தமே ஒரு ஏக்கர் வைத்திருப்பவர் எப்படி விடுவார்? அவருக்கு ஊர்ப் பொது ஏரியான கண்மாய்தான் குட்டை.

கண்மாய் வேலை என்றாலே நடுவில் பொக்லைன் இறக்கி ஆழமாகத் தோண்டுவது என்று ஆகிவிட்டது. இது எனக்குப் பெரிய வருத்தம். கண்மாய்த் தண்ணீரை வயலுக்குத் திறந்துவிடும் மதகான மடையின் மட்டத்துக்குக் கீழே தேங்குகிற தண்ணீர் ஆடுமாடு குடிக்க உதவும். தானாக வயலுக்குப் பாயாது. இன்ஜின் வேண்டும், டீசல் வேண்டும். அது யாரிடம் இருக்கிறது? எங்கள் பக்கம் கண்மாய்கள் சங்கிலிபோல இருப்பவை. மேல் கண்மாய் நிறைந்து, மிஞ்சிய தண்ணீர் வெளியேறும் கலுங்கு வழியாக வழிந்தால்தான் கீழ் கண்மாய்க்கு வரத்து. நடுவில் தண்ணீர் வரும் வாய்க்காலான வரத்துக்கால் சீமைக்கருவேலம் மண்டிக் கிடந்தால், கீழே எவ்வளவு தோண்டியும் பயனில்லை. அதனால் முதலில் வரத்துக்கால், அடுத்து மடை, அப்புறம்தான் தூர்வாருவது. அள்ளுகிற வண்டலும் டிராக்டர் வாடகை கொடுக்க முடிந்தவர் நிலத்துக்கே போய்விடுகிறது. சிறு விவசாயிக்கு அந்த வாடகையை யாராவது ஏற்றுக்கொண்டாலே நல்ல உதவி. வண்டல் போட்ட நிலம் ஈரத்தைக் கூடுதல் நாள் வைத்திருக்கும், உரச்செலவும் குறையும்.

இன்னொன்று, நீர்பாய்ச்சி. கண்மாய்த் தண்ணீரை முறை வைத்து வயல் வயலாகப் பாய்ச்சுகிற ஆள். பல ஊர்களில் அந்த வேலையே இல்லாமல் போனது. மடைக்குப் பக்கத்து வயல்காரர் வேண்டிய மட்டும் பாய்ச்சிக்கொள்ள, கடைசியில் இருக்கும் கடைமடை வயல் காய்கிறது.

எங்கள் பக்கத்து ஊரில் இரண்டு வருடமாக மறுபடி நீர்பாய்ச்சி வைத்திருக்கிறார்கள். கூலியைக் களத்திலேயே நெல்லாக அளந்து கொடுக்கிறார்கள். போன தையில் அங்கே போயிருந்தேன். கடைமடையில் அரை ஏக்கர் வைத்திருக்கும் அப்பத்தா ஒருவர், திண்ணையில் அடுக்கியிருந்த எட்டு மூட்டை நெல்லைக் காட்டினார். "இந்த வருசம் எனக்கும் ஒரு தண்ணி வந்துச்சுய்யா" என்றார்.