எல்இடி சுவர் முன்னால் துரியோதனன் முகம் ஏன் தெரியவில்லை?

வணக்கம். போன பதிவின் கீழே வந்த கேள்விகளில் ஒன்று என்னை விடவே இல்லை. இங்கே டர்பனில் சாட்ஸ்வர்த்திலிருந்து ஓர் அக்கா எழுதியிருந்தார். அவர்கள் சங்கத்தில் சித்திரைப் புத்தாண்டுக்குப் பாரத நாடகம் போட்டிருக்கிறார்கள். எல்இடி சுவரை வாடகைக்கு எடுத்து, அதில் அஸ்தினாபுர அரண்மனைப் படத்தைப் பின்னணியாக ஓடவிட்டிருக்கிறார்கள். "அரண்மனை பளபளவென்று இருந்தது தம்பி, துரியோதனன் முகம்தான் தெரியவில்லை. இன்னும் நாலு விளக்கு வாங்கலாமா, இல்லை பழையபடி துணிப் படுதாவுக்கே போய்விடலாமா?" என்று கேட்கிறார்.

விளக்கு வாங்க வேண்டாம் அக்கா. முதலில் அந்தச் சுவரை மங்கலாக்குங்கள். எது அதிகம் ஒளிர்கிறதோ அதற்கு ஏற்றபடிதான் நம் கண் தன்னைச் சரிசெய்துகொள்ளும். பின்னால் சுவர் முழு வீச்சில் எரிந்தால், முன்னால் நிற்கிற ராஜாவும் சேவகனும் ஒரே கறுப்பு உருவம்தான். கால்வாசி வெளிச்சத்துக்கு இறக்கச் சொல்லிப் பாருங்கள், போதாவிட்டால் இன்னும் இறக்குங்கள். வாடகைக்கு விட்டவர் முகம் சுளிப்பார், சுளிக்கட்டும். அப்புறம், அந்தப் படத்தில் கொடி பறந்தது, மேகம் நகர்ந்தது என்று எழுதியிருந்தீர்கள். அதை நிறுத்துங்கள். அசைகிற கொடி இருக்கும்போது பாஞ்சாலியை யார் பார்ப்பார்கள்?

இன்னொன்றும் உண்டு. கல்யாண வீடியோ எடுக்கிறவர் கேமரா தலையில் ஒரு விளக்கை மாட்டிக்கொண்டு மேடைக்கு நேர் எதிரே நிற்பார். மூக்கு, கன்னம், நெற்றி எல்லாம் ஒரே தட்டையாகி, பாஸ்போர்ட் படம் மாதிரி ஆகிவிடும். அவரை அன்போடு அணைக்கச் சொல்லுங்கள்.

சரி, இப்போது நான் எப்போதும் சொல்கிறதற்கு வருகிறேன். பழைய நேயர்கள் சிரிப்பீர்கள். நிழல் எங்கே போய் விழுகிறது? எத்தனை விளக்கு என்று எல்லாரும் கேட்கிறார்கள், இதை யாரும் கேட்பதில்லை. ஆனால் சிலப்பதிகாரத்தில் இதற்கு விடை இருக்கிறது. மாதவி ஆடும் மேடையை அரங்கேற்று காதையில் அளந்து அளந்து சொல்வார்கள்: ஏழு கோல் (அந்தக் கால அளவு) அகலம், எட்டுக் கோல் நீளம், ஒரு கோல் உயரம், போக வர இரண்டு வாசல், மூன்று வகைத் திரை. அதோடு ஒரு வரி வருகிறது, "தூண்நிழல் புறப்பட மாண்விளக்கு எடுத்து" என்று. தூணின் நிழல் அரங்கில் விழாமல் வெளியே போகும்படி விளக்கை வைத்தார்களாம். மின்சாரம் இல்லாத காலத்தில் எத்தனை விளக்கு என்று எண்ணவில்லை, நிழலை எங்கே அனுப்புவது என்று யோசித்திருக்கிறார்கள்! இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்குப் பெருமையாக இருக்கும்.

டர்பனுக்குத் தெற்கே ஒரு கோயில் மண்டபத்தில் நான் பார்த்ததைச் சொல்கிறேன். தரையில், மேடை ஓரத்தில், ஒரே ஒரு ஃப்ளட் லைட். துச்சாதனன் உள்ளே வந்ததும் அவனைவிட இரண்டு மடங்கு பெரிய நிழல் பின்னால் அரண்மனைத் தூண்மேல் ஏறிவிட்டது. வரைந்த தூண் சாய்ந்து போகிற மாதிரி ஒரு தோற்றம், பிள்ளைகள் கொல்லென்று சிரித்துவிட்டார்கள். இடைவேளையில் அந்த விளக்கை எடுத்து, பக்கவாட்டில் உயரமாக ஏணியில் கட்டினோம். நடிகர்களைப் படுதாவிலிருந்து ஆறடி முன்னால் நிற்கச் சொன்னோம். நிழல் தரைக்கு இறங்கிவிட்டது. இதில் வேடிக்கை என்னவென்றால், கடைசியில் பாஞ்சாலி கூந்தலை விரித்துச் சபதம் செய்யும்போது அதே விளக்கை மறுபடி தரைக்கு இறக்கினோம். அதே பெரிய நிழல்தான். ஒரு பிள்ளைகூடச் சிரிக்கவில்லை.

எந்த உயரத்தில் கட்டுவது என்றால், நடிகர் முகத்திலிருந்து பார்த்தால் சுமார் 45 பாகை மேலே. தலைக்கு நேர் மேலே கட்டினால் கண் இரண்டும் குழியாகிவிடும். அமெரிக்காவில் ஸ்டான்லி மெக்கேண்ட்லெஸ் என்ற மேடை ஒளியமைப்பு ஆசிரியர் 1932-லேயே இதை முறையாக எழுதிவைத்தார்: நடிகருக்கு இரண்டு பக்கமும் 45 பாகையில் ஒவ்வொரு விளக்கு, ஒன்றில் சற்று மஞ்சள், மற்றதில் சற்று நீலம். நம் நிறத்துக்கு அந்த நீலத்தைக் கொஞ்சம் அடக்கியே வையுங்கள், கூடினால் முகம் சாம்பல் பூத்துவிடும். டிஸ்கோ ஊதா பற்றி நான் பேசப்போவதில்லை.

துணிப் படுதாவா என்று கேட்டீர்களே. எனக்கு இரண்டுமே வேண்டாம் என்றுதான் தோன்றுகிறது. இங்கே நம் பெரியவர்கள் சிக்ஸ் ஃபுட் டான்ஸ் என்று சொல்கிற தெருக்கூத்தில் அரண்மனையை எவன் வரைந்தான்? இரண்டு பேர் ஒரு திரையைப் பிடிப்பார்கள், பின்னாலிருந்து பாட்டு வரும், திரை விலகினால் ராஜா. கிரீடத்திலும் தோள்கட்டையிலும் பதித்த கண்ணாடித் துண்டுகள் இருக்கிற கொஞ்ச வெளிச்சத்தை வாங்கி மினுக்கும். அலங்காரம் முழுவதையும் நடிகனே உடம்பில் சுமந்துகொண்டு வருகிறான். உங்கள் துரியோதனனுக்கு ஒரு நல்ல கிரீடம் செய்ய, எல்இடி வாடகையில் பாதி போதும்.

சங்கத்தில் அதற்கு ஒத்துக்கொள்ள மாட்டார்கள், தெரியும். அப்படியானால் சுவரை மங்கலாக்கி, மண்டபத்து டியூப் லைட்டுகளை அணைத்து, பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு விளக்கு கட்டி ஒத்திகை பாருங்கள். ஃபோனில் எடுத்து எனக்கு அனுப்புங்கள். மின்வெட்டுப் பயத்தில் ஜெனரேட்டர் எடுப்பதாக இருந்தால் விளக்குகளின் வாட் கணக்கை முன்கூட்டியே கொடுத்துவிடுங்கள். மண்டபத்து 16 ஆம்பியர் பிளக்கில் 1000 வாட் விளக்கு மூன்றுக்கு மேல் வேண்டாம். சமையலறை டீ பாய்லர் எந்த லைனில் இருக்கிறது என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். துகிலுரிதல் நடுவில் யாராவது டீ போடப் போய் ஸ்விட்சைத் தட்டினால் மொத்த மேடையும் போய்விடும்.

டர்பன் ஃபீனிக்ஸிலிருந்து வந்த கேள்வியை அடுத்த பதிவில் பார்ப்போம்.