பளபளக்கும் பேரிங்

நேயர்களுக்கு வணக்கம்.

நூற்பாலை ஒன்றில் மோட்டாரைக் கழற்றிக்கொண்டிருந்த ஃபிட்டர் தம்பி, ரோலர் பேரிங்கின் உள் ரேஸை, அதாவது ரோலர்கள் உருளும் உள்வளையத்தை, என்னிடம் நீட்டினார். முகம் பார்க்கும் கண்ணாடி மாதிரி மின்னியது. "சார், புதுசு மாதிரியே இருக்கு, திரும்பப் போட்டுடலாமா?" என்றார். வேண்டாம் என்றேன். அந்த மினுமினுப்புதான் தேய்மானம்.

புது ரேஸை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் கிரைண்டிங் கல் விட்டுப்போன மெல்லிய கோடுகள் தெரியும். ரோலருக்கும் ரேஸுக்கும் நடுவில் எண்ணெய்ப் படலம் இருக்கும்வரை அவை அழியாது. அந்தப் படலம் பெரும்பாலும் ஒரு மைக்ரானுக்கும் குறைவு. தலைமுடியே சுமார் 70 மைக்ரான். படலம் அறுந்தால் எஃகும் எஃகும் உரசும். முதலில் கோடுகள் மழுங்கிப் பளபளக்கும். அப்புறம் அதே இடம் சாம்பல் பூத்ததுபோல் மங்கும். லென்ஸ் வைத்துப் பார்த்தால் ஊசிமுனைக் குழிகள். செதில் பெயர்வது அங்கிருந்துதான் தொடங்கும்.

மிக மெதுவாக ஓடினால் எண்ணெயை உள்ளே இழுக்க வேகம் போதாது. சரி, வேகமாக ஓடினால்? கிரீஸ் என்பது சோப்பு பிடித்துவைத்திருக்கும் எண்ணெய். ரோலர் அதை இருபுறமும் ஒதுக்கித் தள்ளிவிடும். ஒதுங்கியதிலிருந்து எண்ணெய் மெல்லக் கசிந்து பாதைக்குத் திரும்ப வேண்டும். அதற்குள் அடுத்த ரோலர் வந்துவிட்டால் பாதை வறண்டுபோகும்.

அதனால் வேகத்தை வெறும் ஆர்பிஎம்மால் அளப்பதில்லை. துளை விட்டத்தையும் வெளி விட்டத்தையும் கூட்டிப் பாதியாக்கி, நிமிடச் சுற்றால் பெருக்குவோம். அன்று பார்த்தது என்யு 320 என்ற வகை பேரிங். துளை 100 மில்லிமீட்டர், வெளி விட்டம் 215, சராசரி 157.5. 1,480 சுற்றில் கணக்கு 2,33,100. கிரீஸுக்குச் சிரமமில்லை. ஆனால் மோட்டாரின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் விஎஃப்டி கருவியை மாட்டி 2,200 சுற்றுக்கு ஏற்றியிருந்தார்கள்: 3,46,500. மூன்று லட்சம் தாண்டினாலே நான் கேட்டலாக்கைப் பிரித்துவிடுவேன். பழைய கிரீஸையே போட்டு, பழைய இடைவெளியிலேயே நிரப்பியிருக்கக் கூடாது.

பேரிங் சுட்டதும் இன்னொன்று செய்திருக்கிறார்கள். கிரீஸ் கன்னை எடுத்து மேலும் நாலு அமுக்கு. பாசத்தில் செய்கிற தவறு இது! காலியிடத்தில் மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதிவரை போதும். மேலே போனால் ரோலர்கள் கிரீஸைக் கடைந்துகொண்டே இருக்கும், சூடு இன்னும் ஏறும். 70 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு 15 டிகிரிக்கும் கிரீஸின் ஆயுள் ஏறக்குறையப் பாதியாகும்.

புது பேரிங் போட்டு, வேகத்துக்கேற்ற கிரீஸை அளந்து வைத்தோம். வடிகால் பிளக்கைத் திறந்தபடியே ஓடவிட்டோம். மிச்சமிருந்த கிரீஸ் புழுவாய் நெளிந்து வெளியே வந்து நின்றபிறகுதான் தம்பி பிளக்கை மூடினார்.