மொய் எழுதிய கை

நேயர்களுக்கு வணக்கம். மனித மனசைப் படிக்க வேண்டுமானால் ஒரு கல்யாணத்தில் மொய் எழுத உட்காருங்கள் என்று 30 வருஷமாகச் சொல்லி வருகிறேன். வீட்டில் யாரும் கேட்பதில்லை. இன்று நீங்கள் மாட்டிக்கொண்டீர்கள்.

நான் முதலில் உட்கார்ந்தது சித்தப்பா மகள் கல்யாணத்தில். கையெழுத்து நன்றாக இருக்குமாம். நோட்டில் மஞ்சள் தடவி, பிள்ளையார் சுழி போட்டாயிற்று. தாய்மாமன் பெயர்தான் முதலில் ஏற வேண்டும் என்பது எனக்குத் தெரியாது. ஒரு பெரியவர் 101 ரூபாய் நீட்டினார், எழுதிவிட்டேன். பின்னாலேயே தாய்மாமன் வந்தார். நோட்டைப் பார்த்தார். பேசவில்லை, பணத்தையும் எடுக்கவில்லை. சித்தப்பா ஓடி வந்து புது நோட்டு வாங்கிவரச் சொல்லி, மறுபடி பிள்ளையார் சுழியிலிருந்து தொடங்கினோம். அதற்குள் ஒரு பந்தியே எழுந்துவிட்டது.

அத்தோடு முடிந்ததா? சாப்பிட்ட பெரியவர் ஈரக்கையோடு வந்து நின்றார். "புது நோட்டுல நம்ம பேரு ஏறிடுச்சா தம்பி?" காட்டினேன். "இனிஷியல் கா. போடு. க.ன்னா அது எங்க பங்காளி. நான் செஞ்சது அவன் கணக்குல போயிடும்." பங்காளியோடு அவருக்குப் பேச்சு வார்த்தை இல்லை என்பது அப்புறம் தெரிந்தது.

மூன்றாம் நாள் வீட்டில் நோட்டைப் பிரித்தார்கள். யாருக்கு என்ன செய்தோம் என்று சித்தி நோட்டே இல்லாமல் ஒப்பித்தார். வந்ததைச் சொல்லத்தான் நோட்டைப் புரட்ட வேண்டியிருந்தது. கவனியுங்கள், கொடுத்தது மனப்பாடம், வாங்கியதற்கு நோட்டு. சித்தியை மட்டும் சொல்லவில்லை, நானும் அப்படித்தான்.

101இல் அந்த ஒற்றை ரூபாய் எதற்கு? பூஜ்ஜியத்தில் முடிந்தால் உறவும் முடிந்த மாதிரியாம். ஒன்று வைத்தால் தொடரும். பேச்சு வார்த்தை இல்லாத பங்காளிக்கு வைத்தாலும் அதே 101தான்.

தஞ்சை, புதுக்கோட்டை மாவட்டங்களில் பேராவூரணி, கீரமங்கலம் பக்கம் மொய்க்குக் கல்யாணமே வேண்டாம். ஆடி, ஆவணியில் கறிச்சோறு போட்டு மொய் விருந்து வைப்பார்கள். ஒரு குடும்பம் பொதுவாக 5 வருஷத்துக்கு ஒருமுறை. வாங்கியதைத் திருப்பி, மேலே கூட்டி வைப்பது 'புது நடை'. அந்தப் பணத்தில் கிணறு வெட்டியவர்கள், பிள்ளையைப் படிக்க வைத்தவர்கள் உண்டு. 2018 கஜா புயலில் அங்கே தென்னை மொத்தமாகச் சாய்ந்தது. தேங்காய்ப் பணத்தில் மொய்யைத் திருப்பலாம் என்று நம்பியிருந்தவர்கள் என்ன செய்வார்கள்? அதைத்தான் விரிவாகப் பேச வந்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தம்பி நேரம் முடிந்தது என்று கையைத் தூக்கிவிட்டார். சரி, வணக்கம்.