சாந்த் எமிலியோனுக்கு ராத்தங்கப் போவோம்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் நகரமன்றத் துணைத்தலைவர் அம்மையார் அவர்களே, கேட்டபோதெல்லாம் இந்தக் கூடத்தைத் திறந்துவிடும் பள்ளி நிர்வாகத்தாரே, பின்னால் தேநீர் ஆற்றிக்கொண்டிருக்கும் தம்பிமாரே, பாரிஸ் வாழ் தமிழ்ப் பெருமக்களே, வணக்கம்.

கோடைச் சுற்றுலாவுக்குப் போர்தோ பக்கத்துச் சாந்த் எமிலியோன் என்று முடிவாகியிருக்கிறது. மூன்று செய்திகள் சொல்ல வந்தேன்: வழி, பாறைக் கோயில், திராட்சை.

பாரிஸ் மோன்பர்நாஸ் நிலையத்தில் அதிவேக ரயில் ஏறினால் போர்தோவுக்கு இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல். அங்கே உள்ளூர் வண்டி மாறினால் முக்கால் மணிக்குள் சாந்த் எமிலியோன். எல்லா வண்டியும் அங்கே நிற்காது. வழியிலுள்ள லிபூர்ன் நிலையத்தில் இறங்கிவிட்டால் இன்னும் 8 கிலோமீட்டர் பாக்கி. சாந்த் எமிலியோன் நிலையத்திலிருந்து ஊருக்குத் திராட்சைத் தோட்டங்களின் ஊடே இருபது நிமிட நடை. வாசலில் டாக்சி காத்திருக்கும் என்று நம்பாதீர்கள். சக்கரப் பெட்டியும் வேண்டாம். கல் பாவிய செங்குத்துச் சந்துகளில் முதலில் கழல்வது சக்கரம்தான். மழையில் அந்தக் கல் வழுக்கும், ரப்பர் அடிச்செருப்பு போடுங்கள். எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்பார்களே, ஊர்ந்தவர்கள் அத்தனை பேர்!

இனி, ஊருக்குப் பெயர் தந்த எமிலியோன் யார்? 8ஆம் நூற்றாண்டில் வடமேற்குப் பிரான்சின் பிரெத்தாஞ் பகுதியிலிருந்து வந்த துறவி. அதற்கு முன் ஒரு பிரபு மாளிகையில் வேலை. அங்கிருந்து ரொட்டியை அங்கிக்குள் மறைத்து எடுத்துப்போய் ஏழைகளுக்குக் கொடுப்பாராம். கோள் சொல்ல ஆளா இல்லை? ஒருநாள் பிரபுவே வழிமறித்து, “அங்கிக்குள் என்ன?” என்றார். “அடுப்புக்கு விறகு, ஐயா.” “காட்டு பார்க்கலாம்!” விரித்தால், ரொட்டியெல்லாம் விறகாகக் கிடக்கிறது! (கைதட்டல்.) ஊர் சொல்லும் கதை இது. பெயர் பரவவே, புகழுக்குப் பயந்து ஓடிவந்து இந்த ஊரில் ஒரு குகையில் அடங்கினாராம்.

அந்தக் குகையருகே 12ஆம் நூற்றாண்டில் சுண்ணாம்புப் பாறையைக் குடைந்தே தேவாலயம் எடுத்தார்கள். நீளம் ஏறத்தாழ 38 மீட்டர். தலைக்கு மேலே மணிக்கூண்டின் பாரம். கீழே ஈரம் உறிஞ்சும் கல். ஊறிய கல்லுக்கு வலு குறையும். அதனால்தான் தூண்களுக்கு இரும்புச் சட்டம் கட்டினார்கள். எறும்பு ஊரக் கல்லும் தேயும், நீர் ஊறினால் கேட்கவே வேண்டாம். உள்ளே வழிகாட்டியோடுதான் விடுவார்கள். சுற்றுலா அலுவலகத்தில் முன்பதிவு செய்துகொண்டு போங்கள். மணிக்கூண்டுக்கு 196 படி. முழங்கால் வலிக்காரர்கள் கீழே மக்கரோன் தின்னலாம்: பாதாம், சர்க்கரை, முட்டை வெள்ளைக்கரு, அவ்வளவே.

திராட்சை? பெரும்பாலும் மெர்லோ என்னும் கருந்திராட்சை வகை. தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார், அதை அங்கே வளர்ப்பவர்களே சொல்லட்டும்.

நான் வந்தது வேறொன்றுக்கு. 1999இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறிய ஊர் அது. நடுப்பகலில் பேருந்துகள் கொட்டும் கூட்டம் மாலைக்குள் போய்விடும். உள்ளூர்க்காரர்களுக்கு மிஞ்சுவது நெரிசல். நம் சங்கமும் ஒருநாள் பேருந்து பேசியிருக்கிறது. அதை விட்டுவிடுங்கள், செயலாளர் அவர்களே! பத்துப் பத்துப் பேராக ரயிலில் போவோம், ஓரிரவு தங்குவோம், சாப்பாட்டை அங்கேயே வாங்கிச் சாப்பிடுவோம். அறுவடை நடக்கும் செப்டம்பரில் அறை கிடைப்பது கஷ்டம், ஜூனிலேயே போய்விடலாம். சம்மதம் உள்ளவர்கள் கூட்டம் முடிந்ததும் செயலாளரிடம் பெயர் கொடுத்துவிட்டே தேநீருக்குப் போக வேண்டும்.